இரைச்சல் இல்லாத கோடு

உங்கள் மின்விசிறி லேசாகக் கரகரக்கிறது. தொந்தரவில்லை, ஓடட்டும். இப்போதெல்லாம் பக்கத்தில் ஏதாவது ஒரு சத்தம் இருந்தால்தான் எனக்கு நல்லது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குவாண்டம் கணினிக்குள்ளிருந்து வரும் சமிக்ஞை மிகவும் மெலிதானது. அதைப் பெரிதாக்கிக் காட்டப் பெருக்கி வேண்டும். பெருக்கியே முணுமுணுத்தால் சமிக்ஞை அதில் மூழ்கிவிடும். ஒரேயொரு பெருக்கியை அமைதியாகச் செய்துவிடலாம். ஒரே மின்னணுச் சில்லில் நூற்றுக்கணக்கில் நெருக்கி வைத்தால்தான் வம்பு. கூட்டுக் குடித்தனம் மாதிரி, ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்கும். அவற்றின் வாயை மூடவைப்பதுதான் என் பிழைப்பு.

என்னோடு சேர்ந்து அந்தச் சில்லைக் கட்டியவர் என் மனைவியின் அண்ணன். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் வெண்கலம், குரல் அப்படி. எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவர், பெண் தந்ததும் அவர். "பெருக்கி பெருக்கிங்கிறியே மாப்ள, எங்க வீட்டையும் கொஞ்சம் பெருக்குமா அது?" என்று கேட்டுவிட்டு அவரே முதலில் சிரிப்பார். தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சில்லை உறையவைக்கும் குளிரூட்டும் கருவி இருப்பது இரும்புத் தகடு போர்த்திய உள்ளறையில். அங்கே திரவ நைட்ரஜன் குழாய் ஓடுகிறது. கசிந்தால் அறையிலிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். மணம் கிடையாது, இருமல் வராது. ஆள் சுருண்டு விழுந்தால்தான் தெரியும். அதற்காகச் சுவரில், ஆக்சிஜன் குறைந்தால் கத்தும் ஓர் அலாரம். கத்தாத நேரத்திலும் அதன் மின்சுற்று விட்டுவிட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்பு என் திரையில் முள் முள்ளாக வந்து நின்றது. இடம் மாற்றிப் பார்த்தேன், உறை போட்டுப் பார்த்தேன். கடைசியில் கழற்றிவிட்டேன்.

அன்று மதியம் எல்லாப் பெருக்கிகளும் முதன்முறையாக ஒன்றாக வாய் மூடின. அளவீடு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் இணைப்பில் பனி கட்டியிருக்கிறது, இறுக்கிவிட்டு வருகிறேன் என்று மச்சான் ஸ்பானரை எடுத்தார்.

"அலாரம் இருக்குல்ல மாப்ள?"

"இருக்கு மச்சான்."

இருந்தது. என் மேசை இழுப்பறையில்.

உள்ளே போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். திறந்திருந்தால் வெளி இரைச்சல் புகுந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய காலடி அதிர்வுகள் என் திரையில் சின்னச் சின்ன மேடுகளாக வந்தன. பிறகு ஒரு பெரிய மேடு. அதன்பின், சுவரைத் தட்டுவதுபோலச் சில.

ஏதோ மின்கோளாறு என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அவர்தான் தட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். கதவு கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கெட்டும் தூரம். ஆனால் திறந்தால் அளவீடு போய்விடும். மறுபடி அந்த நிலை வாய்க்குமா என்று யார் சொல்ல முடியும்? கொஞ்சம் பொறுப்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் பொறுத்துப்போகிறவர்தான் அவர்.

மேடுகள் சிறுத்தன. பிறகு நின்றன. அதன்பின் வந்த கோட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஓர் அமைதியை என் வாழ்நாளில் கண்டதில்லை. அளவீடு முடியும்வரை நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. பிறகு கதவைத் திறந்து, காற்று நிறையும்வரை வெளியில் நின்று, அலாரத்தை அதன் இடத்தில் மாட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

இப்போது அந்தக் கருவியை அணைத்துவிட்டார்கள். ஆனால் வீட்டில் மிக்சி நின்றதும், தண்ணீர்க் குழாயை மூடியதும், அந்தச் சின்ன இடைவெளியில் சுவருக்குள் தட்டுகிறார். வேகமில்லை, கோபமும் இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தவர் தட்டுவதுபோலத் தட்டுகிறார்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணன் உங்களைக் கூப்பிடவே இல்லையாங்க?"

"இல்லம்மா" என்றேன்.

அவளிடம் நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர் கூப்பிடவில்லை. தட்டத்தான் செய்தார்.