மேடு ஏறாத கார்

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா, அங்கே வெயில் அடிக்கிறது. நீங்கள் எழுதுவதற்குத் தோதாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். முழுக்கதையும் சொல்லிவிடுவேன். கேட்ட பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். பாவம், அவர் இன்னும் சாப்பிடவில்லை.

என் தம்பியின் கார் சமதரையில் நன்றாகத்தான் ஓடும். ஆளும் சாமானுமாக மலைச்சாலையில் ஏறினால் மட்டும் மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கும். தம்பி மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கம் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. குடிபோக இரண்டு முறை கிளம்பினார்கள். இரண்டு முறையும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார்கள். மூன்று பேருக்கும் சமைத்துத் தயாராக வைத்திருந்தேன்.

"இந்த வண்டிக்கு உங்களை விட்டுப் போக மனசு வரலை போல, அண்ணி" என்று அவள் சிரித்தாள். நல்ல பெண். சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வைப்பாள்.

மெக்கானிக், காலமாகிவிட்ட என் வீட்டுக்காரரிடம் தொழில் பழகியவர். பிளக்கை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார், தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார்.

"குதிரை மாதிரி ஓடுதுக்கா. உங்க தம்பிக்குத்தான் கியர் போடத் தெரியலை."

"நீங்க தனியா ஓட்டினா ஓடத்தான் செய்யும்ணே. இவளோட புத்தகப் பெட்டியை எல்லாம் ஏத்திக்கிட்டு மலையில ஓட்டிப் பாருங்க" என்றான் தம்பி.

நியாயமான பேச்சு. மறுநாள் ஆறு மூட்டை மணலை ஏற்றி ஓட்டிப் பார்ப்பதாக மெக்கானிக் ஒப்புக்கொண்டார்.

முப்பது வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். பேட்டரிக்குப் பின்னால், கை மட்டும் நுழைகிற இடத்தில், பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் இருக்கிறது. அதில் கம்பியைச் சுற்றி முறுக்கி, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். சமதரைக்கு வேண்டிய பெட்ரோல் அதில் போகும். மேட்டுக்கு வேண்டியது போகாது. யாருக்கும் தொந்தரவில்லாத ஏற்பாடு. மூச்சு வாங்கும், ஓரங்கட்டுவார்கள், திரும்பி வருவார்கள்.

மறுநாள் மெக்கானிக் வருவதற்கு முன்னால் கம்பியைக் கழற்றிவிட்டேன். கார் மணலோடு மலை ஏறி இறங்கியது.

"இனிமே தைரியமாப் போங்க" என்றார் அவர். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கம்பியைத் திரும்பச் சுற்றினேன். மூன்றாவது வளைவுவரை போய் எதற்கு அலைய வேண்டும் என்று ஒரு முறுக்குக் கூட்டிப் போட்டேன்.

முதல் வளைவிலேயே எஞ்சின் நின்றுவிட்டது. லாரிக்காரர் மேல் தப்பில்லை. வளைவில் நின்ற கார் அவருக்கு எப்படித் தெரியும்? தம்பி மனைவி அந்த இடத்திலேயே போய்விட்டாள். தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

கூடத்து ஜன்னலோரம் அவனுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். அவன் என்னோடு பேசுவதில்லை. வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். ஆறு மணிக்குள் போய்விட்டால் அவனுக்குச் சூடாகக் கொடுக்கலாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

நீங்கள் நன்றாக இருங்கள் அம்மா. உங்கள் வீட்டிலும் கூடப்பிறந்தவர்கள் ஒருவர்கூடப் பிரிந்து போகாமல், எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே நூறு வயசு வாழட்டும்.