பீல்டு மார்ஷல் கருப்பாயி போட்ட உத்தரவு

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் கங்காணி வீரமுத்து அவர்களே! பக்கத்துக் கூலாய் ஊரிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே! விடியுமுன் ரப்பர் பால்மரம் சீவி, வெயிலில் வாளி சுமந்து, அந்தியில் அடுப்பூதிவிட்டு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! எளியேனின் வணக்கம்.

நாம் வேலைக்குப் போகையில் நம் பிள்ளைகளைக் காக்கும் இந்த ஆயாக் கொட்டகைக்குத் தகரக்கூரை தந்தது யார்? நம் தோட்டத்துத் துரையா? துரையின் தயவா? இல்லை ஐயா, இல்லை! தந்தது ஒரு பீல்டு மார்ஷல்!

சென்ற தீபாவளிக்குப் போர் நாடகம் போட்டோமல்லவா? பீல்டு மார்ஷல் வேடம் நம் தலைவருக்கு. கள்ளுக்கடைக்கு நடந்து போன மார்ஷல், திரும்பும்போது தூக்கி வரப்பட்டார். தலைவர் முறைக்க வேண்டாம். தூக்கியவர்களில் நானும் ஒருவன்!

உடுப்புத் தைத்த கருப்பாயிக்கு மனம் பொறுக்கவில்லை. "கண்ணு நோகத் தச்சது வீணாப் போகவா? நானே போட்டுக்கிறேன். ஆமா, பீல்டு மார்ஷல்னா யாருண்ணே?" என்று கணக்கெழுதும் கிராணி சதாசிவத்தைக் கேட்டாள்.

"பட்டாளத்துல அதுக்கு மேல பதவியே இல்ல, புள்ள."

"கேப்டனுக்கும் மேலயா?"

"ரொம்ப மேல."

நம் துரையோ பெரிய சண்டையில் பட்டாளத்துக் கேப்டனாக இருந்தவர். விருந்தாளித் துரைமாரோடு முன்வரிசையில் இருந்தவர், சேவலிறகுத் தொப்பியோடு கருப்பாயி தோன்றியதும் விளையாட்டாக எழுந்து விறைப்பாகச் சலாம் வைத்தார். வசனமா தெரியும் அவளுக்கு? வாயில் வந்ததைக் கேட்டாள்.

"தொரை, மார்ஷல் சொன்னா கேப்டன் கேக்கணுமா, இல்லையா?"

"கேக்கணும், மார்ஷல்!" என்று சிரித்தார் துரை.

"அப்ப ஆயாக் கொட்டகைக்குக் கூரை போடுங்க. அத்தாப்பு ஓலையெல்லாம் ஓட்டை. மழையில புள்ளைங்க நனையுது. என் புள்ளைக்குச் சளி விடவே மாட்டேங்குது."

சிரிப்பு நின்றது. துரையின் முகம் சிவந்தது. வேலை போகுமோ, தோட்டம் தந்த லயத்து வீடு போகுமோ என்று நாம் பதறினோம். மேடையோரம் நின்ற நான் பார்த்தேன்: அவள் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை! அந்நேரம் பார்த்து விருந்தாளிகள் கைதட்டிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னே கேப்டன் என்ன செய்வார்?

மறுநாள் விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் துரை அவளைக் கூப்பிட்டார். இடுப்பில் பிள்ளையோடு போய் நின்றாள்.

"அத்தாப்பா, தகரமா?"

"தகரம், தொரை."

அந்த வாரமே மாட்டுவண்டியில் தகரம் வந்தது!

கும்பிட்டுக் கேட்டோம், கிடைத்ததா? குனிந்து கேட்டோம், கிடைத்ததா? நிமிர்ந்து கேட்டாள், கிடைத்தது! தாய்மார்களே, வேடமில்லாமலும் நிமிர்ந்து கேளுங்கள்!

இவ்வாண்டு நாடகத்தில் கேப்டனுக்கு மேல் பட்டாளப் பதவியே கூடாதென்று துரை சொல்லியனுப்பியிருக்கிறார். உத்தரவுக்குப் பணிந்தோம். கருப்பாயிக்கு இம்முறை மகாராணி வேடம்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!