தொண்ணூற்றேழில் கோடு தாண்டிய கேப்டனுக்கு

விக்கெட்டுகளின் பின்னே விழித்த விழியாய் நின்றவரே! வென்ற வேளையில் வீங்காத நெஞ்சமும், வீழ்ந்த வேளையில் வெதும்பாத முகமும் கொண்டவரே! பிடித்த பந்தையும் பிடித்த கொள்கையையும் ஒருபோதும் நழுவவிடாத நல்லவரே! நாட்டின் மகளிர் கிரிக்கெட் அணிக்குப் பதினெட்டு ஆண்டுகள் கையுறை அணிந்த காவலாக இருந்து, அவற்றுள் ஐந்தாண்டு கேப்டனாகத் தலைமை தாங்கி, தலைமை போன பின்னும் தளராமல் அதே அணியில் அதே இடத்தில் குனிந்து நின்று, இன்று நிமிர்ந்து விடைபெறும் எங்கள் அன்பு அக்கா! உங்கள் அணி உங்களை வணங்குகிறது.

இம்மடலை வாசிக்க வேண்டியவர் இன்றைய கேப்டன். "பாதியிலயே எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். நீங்களே எழுதி நீங்களே படிச்சிடுங்க" என்று அவர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். நான் அணியின் பிசியோ. பதினான்கு ஆண்டுகளாக உங்கள் முழங்கால்களோடு மல்லுக்கட்டியவள். பந்து பட்டுப் பட்டு எட்டுத் திசைக்கும் வளைந்துபோன உங்கள் பத்து விரல்களை உங்களைவிட நன்றாக அறிந்தவள். எழுதிய கை என்னுடையது. இதில் சொன்னதெல்லாம் அணியில் உள்ள அத்தனை பேரின் சொல்.

நீங்கள் பிடித்த கேட்ச்கள், செய்த ஸ்டம்பிங்குகள், வென்று தந்த தொடர்கள் ஆகியவற்றையெல்லாம் வாரியத் தலைவர் சற்று முன் அழகாக வாசித்தார். அவர் வாசிக்காமல் தாண்டிச் சென்ற பருவம் ஒன்று உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் நாம் ஆடிய ஐந்து ஒருநாள் ஆட்டங்கள். விடைபெறும் விழாவில் தோல்வியைப் பேசலாமா என்று அவர் தயங்கியிருக்கலாம். நாங்கள் அதைப் பேசத்தான் எழுந்திருக்கிறோம்.

முதல் ஆட்டத்தில் நாம் நாற்பத்து மூன்று ரன்னுக்குச் சுருண்டோம். நம் நாட்டு மகளிர் அணி எடுத்த மிகக் குறைந்த ரன் அதுதான். இன்றுவரை அந்தச் சாதனையை நாமும் முறியடிக்கவில்லை என்பது ஆறுதல். உடைமாற்றும் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்போது நம் வேகப்பந்து வீச்சாளர் நெட்டை, கால் காப்புகளைக் கழற்றிக்கொண்டே, "யாரும் என்னைத் திட்டாதீங்க. கடைசியில இறங்கி நாட்டுக்காக அவுட் ஆகாம நின்னது நான் ஒருத்திதான். ஒரு பந்துகூட எனக்கு வரல, அது வேற விஷயம்" என்றார். முதலில் சிரித்தது நீங்கள். சிரித்து முடித்து, "சரி, அவங்கவங்க பையை அவங்கவங்க தூக்குங்க. பஸ் நிக்குது" என்று எழுந்தீர்கள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அந்த அறிவுரையின்மைக்கு அன்று நாங்கள் எவ்வளவு நன்றியுள்ளவர்களாக இருந்தோம் என்பதை இன்று சபையறியச் சொல்கிறோம்.

அந்த ஆட்டத்தில் முதல் பந்திலேயே வெளியேறியவர் நம் தொடக்க ஆட்டக்காரர். அணிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவர். இரண்டாவது ஆட்டத்திலும் அவர் ரன் எதுவும் எடுக்கவில்லை. மூன்றாவதிலும் இல்லை. அணியும் மூன்றிலும் தோற்றுத் தொடரை இழந்தது. ஊரில் ஒரு செய்தித்தாள் அவருக்கு 'முட்டைக்காரி' என்று பெயர் சூட்டியது. அணியில் யாரும் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை; ஆனால் எல்லாருடைய கைபேசியிலும் அது இருந்தது.

மறுநாள் காலை விடுதியின் உணவறையில், பரிமாறுபவர் வேகவைத்த முட்டை வேண்டுமா என்று மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நம் மேசைக்கு வந்ததும் ஒருவர் ரொட்டியையே உற்றுப் பார்த்தார். இன்னொருவர் தேவையில்லாமல் தண்ணீர் குடித்தார். நீங்கள் நிமிர்ந்து, "எனக்கு ஒண்ணு. இவளுக்கு மூணு வைங்க, கணக்கு சரியா இருக்கும்" என்றீர்கள்.

அந்தப் பெண் உங்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு முற்றி அழுகையாகி, அழுகை அடங்கி, மூன்று முட்டையையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். நான்கு நாட்களில் அவர் வயிறார உண்டது அன்றுதான் என்பதை உடல்நிலை கவனிக்கும் நான் அறிவேன். துயரைத் தொட்டுப் பேசும் துணிவும், தொட்ட இடம் புண்ணாகாத தூய மனமும் ஒருங்கே வாய்த்த உத்தமியே! அந்தக் காலையைப் பாராட்ட எங்கள் மொழி போதாது.

அன்று பகலில் உங்கள் சுண்டுவிரலுக்கு நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தேர்வுக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கை என்னிடம் மாட்டியிருந்ததால் நீங்கள் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினீர்கள்.

"அந்தப் பொண்ணை உட்கார வெச்சிடுங்க. மேலயும் சொல்லிட்டாங்க" என்றது குரல்.

"அவ ஆட்டம் கெட்டுப் போகல சார். தூக்கம்தான் கெட்டிருக்கு. தூங்கினா ஆடுவா."

"நாலாவது மேட்ச்சும் போச்சுன்னா உங்க இடத்தைப் பத்தியும் பேச வேண்டி வரும்மா."

"பேசுங்க சார். பதினொரு பேரை நான் எழுதிக் கொடுத்துட்டேன்."

துண்டித்துவிட்டு என்னிடம் கேட்டீர்கள்: "இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்ட முடியுமா?" கட்டைத்தான் கேட்டீர்கள் என்று அப்போது நினைத்தேன். உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்ததைக் கட்டி முடித்த பிறகே கவனித்தேன். அஞ்சாத தலைவி என்று உங்களைப் பலர் இன்று மேடையில் சொன்னார்கள். அவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். நீங்கள் நன்றாகவே அஞ்சினீர்கள், அஞ்சிக்கொண்டே செய்தீர்கள். எங்களுக்கு அதுதான் பெரிது.

நான்காவது ஆட்டம். வெல்ல இருநூற்றுப் பதினைந்து ரன் வேண்டும். தொடக்க ஆட்டக்காரர் களமிறங்கும் முன் அவர் தோளைத் தட்டி, "ரன் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம். முதல் பந்தை மட்டும் தொடாம விட்டுடு, போதும்" என்றீர்கள். விட்டார். ஒரு பந்தை ஆடாமல் விட்டதற்கு ஓர் அணி முழுவதும் எழுந்து கைதட்டியதை அந்த மைதானம் அதற்கு முன் கண்டிருக்காது.

மூன்றாவதாக நீங்கள் இறங்கினீர்கள். அதன்பின் நடந்தது அரிய காட்சி. அவர் ஒருபக்கம் ஊன்றி நிற்க, நீங்கள் மறுபக்கம் வெட்டியும் விரட்டியும் ரன் குவித்தீர்கள். அதுவரை நம் நாட்டுப் பெண் எவரும் வெளிநாட்டு மண்ணில் நூறு அடித்ததில்லை. நீங்கள் தொண்ணூற்றேழை எட்டினீர்கள். அவர் ஐம்பத்தெட்டில் இருந்தார். இன்னும் முப்பத்தெட்டு ரன் தேவை.

அவர் பந்தைத் தள்ளிவிட்டு, "வாங்கக்கா" என்று ஓடத் தொடங்கினார். பாதியில் பயந்து, "வேணாம், வேணாம்" என்று திரும்பினார். நீங்களோ முழு வேகத்தில் வந்துவிட்டீர்கள். இருவரும் ஒரே முனையில்! கோட்டைக் கடந்து முதலில் மட்டையை வைத்தது நீங்கள். அவர் உங்களுக்கு அரையடி பின்னால் வந்து சேர்ந்தார். ஆட்டவிதிப்படி அந்த இடம் உங்களுடையது; அவர்தான் வெளியேற வேண்டும். மறுமுனைக்குப் பந்தை எறிந்தவர் அவசரத்தில் கோணலாக எறிய, பந்துவீச்சாளர் அதை எடுக்க ஓடினார். அந்த இடைவெளியில் நடந்ததைப் பிற்பாடு எங்களுக்கு அந்தத் தொடக்க ஆட்டக்காரரே சொன்னார்.

"நான் போறேன்கா. தப்பு என்னோடது."

"வாயை மூடு. மட்டையை உள்ள வெச்சு நில்லு."

"அக்கா, மூணு ரன்னுக்கா!"

"தெரியும். எனக்கும் எண்ணத் தெரியும்."

நீங்கள் கோட்டைத் தாண்டி வெளியே வந்தீர்கள். மறுமுனையில் விக்கெட் உடைந்தது. அவர் உள்ளே, நீங்கள் வெளியே. திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, "தண்ணி எங்கப்பா?" என்று கேட்டீர்கள்.

அந்தப் பெண் அழுதுகொண்டேதான் ஆடினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று நடுவர் இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்தினார். ஆனாலும் அசையவில்லை. கடைசி ஓவரில் வென்றோம். அவர் எண்பத்தொன்று எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அன்றே கேட்டோம். "தியாகம் கியாகம்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு. இனிமே என்னால ஓட முடியாது, அவளால முடியும். ஜெயிக்கிற வழி அதுதான்" என்றீர்கள். நம்பினோம். இடக்காலுக்கு ஐஸ் வைத்தவள் நான். மறுநாள் காலை நீங்கள் வலக்காலை நொண்டிக்கொண்டு வந்தபோதும் பேசாமல் வலக்காலுக்கு ஐஸ் வைத்தவளும் நானே. மருத்துவம் படித்தவர்களுக்கு வாய்ப்பூட்டும் ஓர் ஒழுக்கம். அக்கா, இரண்டு காலிலும் ஒன்றுமில்லை என்பதை ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்தச் சபையில் அறிவிக்க அனுமதி தாருங்கள்.

உங்கள் அம்மா முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று தொலைபேசியில் அவர் வாழ்த்திய வாழ்த்து அணி முழுவதும் பிரசித்தம்: "ஜெயிச்சது சரிடி. அந்த மூணையும் எடுத்துட்டு வந்திருந்தா உன் கை தேஞ்சா போயிருக்கும்?" அம்மா, உங்கள் வருத்தம் முழுக்க நியாயம். வெளிநாட்டில் முதல் நூறை இரண்டாண்டு கழித்து வேறொருவர் அடித்தார். உங்கள் மகள் எல்லையோரத்தில் நின்று உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார். அவருடைய மிக உயர்ந்த ரன் கடைசிவரை தொண்ணூற்றேழாகவே நின்றுவிட்டது.

ஐந்தாவது ஆட்டத்திலும் தோற்றோம். ஒரு வெற்றி, நான்கு தோல்வி என்று ஊர் திரும்பினோம். வாரியத்திலிருந்து அழைத்து, "நீங்களே விலகின மாதிரி அறிவிச்சுடலாமா?" என்றார்கள். "மாதிரி எல்லாம் வேண்டாம் சார். எடுத்துட்டோம்னே போடுங்க. நான் விலகல" என்றீர்கள். அப்படியே போட்டார்கள். இரண்டாண்டு கழித்து, அந்தத் தொடக்க ஆட்டக்காரரே கேப்டன் ஆனார்.

புதிய கேப்டன் முதல் நாள் உங்களிடம் வந்து, எந்தப் பெண்ணை எங்கே நிறுத்துவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "மைதானத்துல என்னை அக்கான்னு கூப்பிடாத. அக்காவை அதட்ட முடியாது. கீப்பர்னு கூப்பிடு" என்றீர்கள். நீங்களும் அன்று முதல் அவரைக் கேப்டன் என்றே அழைத்தீர்கள். பதவியிழந்தவர் பகையாகிப் போவதைப் பல அணிகளில் பார்த்திருக்கிறோம். பணிந்து போவதையும் பார்த்திருக்கிறோம். நீங்கள் இரண்டும் செய்யவில்லை, வேலை செய்தீர்கள். கேப்டன் தவறியபோது ஓவர்களுக்கு நடுவே அவர் காதோடு சொன்னீர்கள். அவர் கேட்காதபோது அவர் சொன்னபடி நின்றீர்கள். ஏழாண்டுகள்!

சென்ற பருவத்தின் இறுதிப் போட்டிக்கு முதல் நாள் மாலை, கேப்டன் உங்கள் அறைக்கு வந்தார். என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குத் தெரியும். அரை மணி நேரம் என் அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்தார். அவர் வாய் திறக்கும் முன் நீங்கள் திறந்தீர்கள்.

"உட்காரு. நானே சொல்றேன். இடப்பக்கம் விலகுற பந்துக்கு நான் லேட்டாப் போறேன். ரெண்டு மாசமா நீயும் பார்க்கிற. அந்தப் புதுப் பொண்ணு என்னைவிட நல்லாப் பிடிக்கிறா. நாளைக்கு அவதான் நிக்கணும்."

கேப்டன் உடைந்துபோய், "அன்னைக்கு நீங்க எனக்காக வெளிய போனீங்க. நான் உங்களை வெளிய நிறுத்துறேன்" என்றார்.

"அதையா இத்தனை வருஷமா தலையில சுமந்துட்டுத் திரியற? பைத்தியம். அன்னைக்கு நீ நல்லா ஆடுவேன்னு உன்னை நிக்க வெச்சேன். இப்போ அவ நல்லாப் பிடிப்பா. ரெண்டும் ஒரே முடிவுதான். போய்த் தூங்கு."

மறுநாள் நீங்கள் தண்ணீர்ப் பாட்டில்களோடு மைதானத்துக்குள் ஓடிவந்தபோது, அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. நீங்கள் யாருக்கோ என்று திரும்பிப் பார்த்தீர்கள். நாம் வென்றோம். கோப்பையோடு எடுத்த படத்தில் நீங்கள் ஓரத்தில், பாதி முகம் மறைந்து, யாருக்கோ துண்டு நீட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்.

பண்பின் பெட்டகமே! பதிவேடுகள் எண்களைப் பாதுகாக்கும். அவை அதற்காக ஏற்பட்டவை, அவற்றின் மேல் எங்களுக்குக் குறையில்லை. ஓர் ஆட்டத்தை எதற்காக ஆடுகிறோம் என்று எங்களில் எவருக்கேனும் ஐயம் வருகின்ற நாளில், நாங்கள் உங்களை நினைத்துக்கொள்வோம். நினைத்தும் தெளியாவிட்டால் தொலைபேசியில் அழைப்போம். எடுங்கள்.

நீங்கள் நீண்ட காலம் நலமோடு வாழ வேண்டும். முழங்கால்கள் இனியேனும் உங்களோடு சமாதானமாகப் போகட்டும். காலையில் விழித்ததும் சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்து, எத்தனை ஓவர் போகுமோ என்று கவலைப்பட்ட பழக்கம் மெல்ல விட்டுப் போகட்டும். ஒருநாள் மழை வரும், அக்கா. அது எந்த ஆட்டத்தையும் நிறுத்தாது. சும்மா நின்று அதைப் பாருங்கள்.

பிரிய மனமின்றியும் பெருமை குறையாமலும்,
தேசிய மகளிர் அணியின் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், பணியாளர்கள்,
அவர்களுக்காக எழுதி வாசித்த பிசியோ