கால் கிலோவுக்குக் கீழே

தருமபுரி மாவட்டம், பாலக்கோடு, சர்க்கரை ஆலை சாலையில் வாடகை வீட்டில் வசிக்கும் சவரி மகள் பிளசி, வயது 34, ஆகிய நான் சொல்ல எழுதப்பட்ட வாக்குமூலம்.

மேற்படி முகவரியில் தனியாக இருக்கிறேன். மதியழகன் என்பவரின் மளிகைக் கடையில் ஆறு வருடங்களாகக் கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். கடந்த 03.02.2025 அன்று கடைக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. மூட்டையாக வாங்கினால் விலை ஐந்து சதவீதம் குறையவும், கால் கிலோவுக்குக் கீழே வாங்கினால் பத்து சதவீதம் ஏறவும் அதில் விதி போடச் சொன்னார் முதலாளி. ஏற்றமா, இறக்கமா என்று கேட்கும் இடத்தில் இரண்டுக்கும் இறக்கம் என்றே போட்டேன். கை தவறியதா என்று அய்யா கேட்கிறீர்கள். இல்லை. கல்யாண வீட்டுக்காரருக்குக் குறைத்துவிட்டு நூறு கிராம் பருப்பு வாங்குகிறவரிடம் ஏற்றுவது எனக்கு ஆத்திரமாக இருந்தது. நானும் நூறுதான் வாங்குகிறேன்.

அன்று மாலை, தக்காளி மண்டியில் பெட்டி தூக்கும் மாதையன், வயது சுமார் 60, நூறு பருப்பும் ஐம்பது புளியும் வாங்க வந்தார். மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. செல் நம்பர் போட்டால்தான் பில் விழும். அவரிடம் செல் இல்லாததால் என் நம்பரைப் போட்டேன். அதன் பிறகு அவர், "ஒரு ஆளுக்கு ரசம் வெக்க எவ்ளோ பருப்புங்க போடணும்?" என்று கேட்டார். ஒரு பிடி போதும் என்றேன். அன்று முழுவதும் பில் தொகை தவிர நான் பேசியது அது ஒன்றுதான்.

அதன் பிறகு அவர் தினமும் வந்தார். அவர் போனதும், வருகைக்கு நன்றி என்று என் செல்லுக்கு மெசேஜ் வரும். வேறு யாரும் எனக்கு மெசேஜ் அனுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து பழைய மெசேஜ்களை எடுத்துப் பார்ப்பேன். கடை நம்பரையே போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம். மெசேஜ் கடைக்குப் போயிருக்கும்.

கடந்த 14.06.2025 அன்று முதலாளி கணக்குப் பார்த்தபோது, குறைந்த விலையில் நூற்றுப் பதினோரு பில்கள் என் நம்பருக்குப் போயிருப்பதைக் கண்டு, நான் எனக்கே பில் போட்டுத் திருடியதாகவும், மாதையன் உடந்தை என்றும் புகார் கொடுத்தார்.

விதி எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது. அதனால் குறைந்த பணத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். மாதையனுக்கு எதுவும் தெரியாது. என் பெயரும் தெரியாது, "கம்ப்யூட்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவரை இதில் சேர்க்க வேண்டாம்.

என் செல்லைக் கைப்பற்றியிருக்கிறீர்கள். திருப்பித் தரும்போது அந்த மெசேஜ்களை அழிக்காமல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ச. பிளசி