ஒருவனுக்கு இரண்டு பேர்

பி.சி.ஏ. சேர்க்கலாமா, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்காத மனிதர் கோயம்புத்தூரில் குறைவு. காலையில் என் கைரேகையை எடுத்த காவலரும் அதைத்தான் கேட்டார். என் கட்டைவிரலை மையில் உருட்டிக்கொண்டே, "ஏனுங்க சார், எம் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்குதுங்க. எதுல சேத்துனா வேலை கெடைக்குமுங்க?" என்றார். எதில் சேர்த்தாலும் கிடைக்கும், கல்லூரியைத்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்றேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். கையில் மை இருந்தாலும் வாய் தானாகப் பேசிவிடுகிறது.

நீங்கள் கேட்டபடி ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் கல்லூரியில் நான் பிளேஸ்மென்ட் அதிகாரி. படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவன். அதற்கு முந்தைய மூன்று வருடமும் அவர்களுக்கு அப்ளிகேஷன் புரோகிராமிங் சொல்லித் தரப்படுவதாகக் கேள்வி. லேபை நானும் பார்த்திருக்கிறேன். அறுபது பிள்ளைகளுக்கு நாற்பது கம்ப்யூட்டர். அதில் இருபத்தைந்து ஓடும். புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் பேனாவால் எழுதி, அது ஓடினால் திரையில் என்ன வருமோ அதையும் பேனாவாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கம்ப்யூட்டரைத் தொடாமலேயே கம்ப்யூட்டர் படிப்பை முடிக்கும் வழியை எங்கள் பேராசிரியர்கள் அப்படிக் கண்டுபிடித்திருந்தார்கள்.

எங்கள் தாளாளர் முன்பு நூற்பாலை வைத்திருந்தவர். கல்லூரியையும் அதே கணக்கில்தான் நடத்தினார். உள்ளே போகிற பஞ்சு நூலாக வெளியே வந்தாக வேண்டும். ஒரு நாள் அவினாசி சாலையில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று பெரிய போர்டு வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"போர்டு வெச்சுப்போட்டனுங்க சார். மிச்சத்த நீங்க பாத்துக்கங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். கூரியர் கம்பெனியில் பொட்டலம் ஏற்றுகிறவன் லாஜிஸ்டிக்ஸ் ஆனான். அப்பாவின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தவன் ஹார்டுவேர் துறைக்குப் போனான். பெரிய பொய் எதையும் சொல்லவில்லை. மொத்தம் அறுபது பேரில் ஒருவன் மட்டும் மிஞ்சினான். பெயர் மிதுன்.

மிதுன் கோபிசெட்டிபாளையத்துப் பையன். அப்பா தம்பிதுரை வாழை போட்டிருப்பவர். வகுப்பில் நிஜமாகவே புரோகிராம் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதற்குக் கல்லூரியைக் குறை சொல்ல முடியாது, அவனாகக் கற்றுக்கொண்டது. கோபி பேருந்து நிலையத்தில் எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று காட்டும் ஆப் ஒன்று செய்திருந்தான். அது ஓடியது. துறைத் தலைவர் அதை வெகுநேரம் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏழு கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தினமும் என் அறை வாசலில் வந்து நிற்பான். "சார், ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

வந்தது. தாய்லாந்தில் ஆப் டெவலப்பர் வேலை, விமான டிக்கெட் அவர்களே தருவார்கள் என்று ஒரு மின்னஞ்சல். ஈரோட்டிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஏஜென்ட் மிகவும் மரியாதையானவர். புதுச் சேர்க்கைக்கான கையேடு அச்சுக்குப் போக மூன்று நாள்தான் இருந்தது. பீளமேடு விமான நிலையத்தில் மிதுனுக்கு மாலை போட்டுப் படம் எடுத்தோம். அந்தப் படம் கையேட்டின் அட்டையில் வந்தது. நூறு ஆயிற்று. அப்போது எனக்கு எதுவும் தெரியாது. இதை எழுதிக்கொள்ளுங்கள். அப்போது மட்டும்தான் தெரியாது.

ஆறு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டான். கிசுகிசுப்பாகப் பேசினான். காரில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி வேறு நாட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்களாம். சுற்றிலும் முள்கம்பி வேலி, வாசலில் துப்பாக்கி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். வயதானவர்களை ஏமாற்றுவதற்காகப் போலிப் பங்குச்சந்தை ஆப் செய்வதுதான் வேலை. தாமதமானால் கரண்ட் ஷாக் வைக்கிறார்கள் என்றான். ஆறு வாரத்தில் மூன்று ஆப் முடித்திருந்தான். எங்கள் பாடத்திட்டத்தில் மூன்று வருடத்துக்கு ஒன்று. தொழில்துறைக்கும் கல்விக்கும் இடைவெளி இருக்கிறது என்று கருத்தரங்குகளில் சொல்லுவதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

"வேற ரெண்டு பேரக் குடுத்தா ஒருத்தர வுடுவாங்களாமுங்க சார். அந்த ஏஜென்ட் உங்களைக் கேப்பாருங்க. யாரையும் அனுப்பிப்போடாதீங்க சார். போலீஸுக்கு மட்டும் சொல்லுங்க" என்றான்.

நன்றாகத்தான் கேட்டது. டவர் கிடைக்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை.

அடுத்த வாரம் அவன் அம்மா மயிலாத்தாள் பஸ் ஏறி வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மேசையில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"பையன் போனே பண்றதில்லீங்க சார். ஊட்டுல அவங்கப்பா சரியாச் சோறு உங்கறதில்லீங்க. அங்க நல்லாத்தான இருக்கறானுங்க?"

"டிரெயினிங் நேரம்மா. போனை வாங்கி வைத்திருப்பார்கள்" என்றேன். போனை வாங்கி வைத்திருந்ததென்னவோ உண்மை.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என்னைச் செயல்பட வைத்தது. அந்த அம்மாவுக்காகவாவது பையனைக் கொண்டுவர வேண்டும் என்று அன்று மாலையே ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

போலீஸுக்கு ஏன் சொல்லவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அதே மாதம் அரசாங்கம் அங்கிருந்து முப்பது பேரை மீட்டு விமானத்தில் அழைத்து வந்ததும் தெரியும். ஒரு கடிதம் போதும் என்பதும் தெரியும். ஆனால் அப்படி மீட்கப்படுகிறவர்களைப் பத்திரிகைக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தி எந்தக் கல்லூரி என்று கேட்கிறார்கள். அது ஜூன் மாதம், சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. ஆள் மாற்றி வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தான், அவ்வளவுதான். இந்த வயதில் யார்தான் வேலை மாறவில்லை.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பதில் நான் அலட்சியமாக இருக்கவில்லை. லாஜிஸ்டிக்ஸ், ஹார்டுவேர் என்று கணக்குக் காட்டியிருந்த பிள்ளைகளையே திரும்பக் கூப்பிட்டு, முறைப்படி எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் எல்லாம் வைத்தேன். ரித்விக் தேறினான், அவனுக்கு அம்மா பங்காரம்மா மட்டும்தான், அவருக்கும் காது சரியாகக் கேட்காது. மேட்டுப்பாளையத்து ரசாக் தேறினான்; பெற்றோர் இல்லை, அக்கா வீட்டில் வளர்ந்தவன். உடனடியாக வந்து விசாரிக்க ஆள் இல்லாதவர்களுக்குத்தானே முன்னுரிமை தர வேண்டும். மற்ற கம்பெனிகள் அவர்களை ஒதுக்கும். நான் ஒதுக்கவில்லை.

ஹர்ஷிணி என்று ஒரு பெண்ணும் வந்திருந்தாள். நேர்காணலில், "சார், அந்தக் கம்பெனியோட வெப்சைட்டே ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் ஆரம்பிச்சிருக்காங்க. பத்து வருஷக் கம்பெனின்னு போட்டிருக்குதுங்களே?" என்றாள். மிக நல்ல கேள்வி. எங்கள் கல்லூரியில் படித்த பெண் கேட்டது என்று பெருமையாகவே இருந்தது. தகுதியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். வராந்தாவில் நின்று அழுதாள். அவள் அழுகைக்கு இன்று நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். புகார் கொடுத்தது அவள்தானே.

ஆகஸ்டில் மிதுன் திரும்பி வந்தான். பாதியாக இளைத்திருந்தான். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. நேராக என் அறைக்கு வந்தான். பூங்கொத்து வாங்கி வைத்திருந்தேன், அதை வாங்கவில்லை.

"எனக்குப் பதிலா யாருங்க சார்?"

பெயர்களைச் சொன்னேன். ரசாக் அவனுக்கு விடுதியில் ஒரே அறைக்காரனாம், எனக்குத் தெரியாது.

"நான் அனுப்ப வேண்டாம்னு சொன்னனுங்களே சார்."

"உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லியிருப்பாய், கண்ணு" என்றேன். போய்விட்டான். உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவனுக்கு ஒரு வார்த்தை நன்றி கிடையாது. அதற்காக நான் மனம் தளரவில்லை. ரித்விக்கையும் ரசாக்கையும் அப்படியே விட்டுவிடுகிற ஆள் நானில்லை. நவம்பரில் நான்கு பேரை அனுப்பினேன். ஜனவரியில் ரித்விக் வந்தான். ரசாக் வரவில்லை. மாடியிலிருந்து குதித்துத் தப்பிக்கப் பார்த்தானாம். இரண்டு வாரம் பொறுத்திருந்தால் முறைப்படி வந்திருக்கலாம். அவசரம்.

இதற்காக நான் யாரிடமும் கைநீட்டிப் பணம் வாங்கவில்லை. ஏஜென்டே ஆச்சரியப்பட்டார். "எல்லாரும் தலைக்கு இவ்வளவுன்னு வாங்கறாங்க, நீங்க என்னுங்க சார் இப்படி இருக்கறீங்க?" என்றார். இது சேவை என்றேன். அவரே போனை வைத்துவிட்டார்.

ஆகவே கேள்விக்கு நேரடியான பதில்: ஆம், ஏழு பேரையும் நான்தான் அனுப்பினேன். முதல் ஆளைத் தெரியாமலும் மற்ற ஆறு பேரைத் தெரிந்தும் அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

என் கவலையெல்லாம் இப்போது அங்கே இருக்கும் நால்வரைப் பற்றித்தான். அவர்களுக்கு எட்டுப் பேர் வேண்டும். மூன்றாம் ஆண்டில் தேர்வு வைத்து எட்டுப் பேரையும் எடுத்தாகிவிட்டது. சொந்தச் செலவில் கோட்டு தைத்திருக்கிறார்கள், பாவம். நாளை மறுநாள் காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் போனைக் கொஞ்ச நேரம் கொடுத்தால், தேதி தள்ளிப்போகிறது என்று மட்டும் சொல்லிவிடுவேன். இல்லையென்றால் காலையிலேயே வந்து காத்திருந்து ஏமாந்துபோவார்கள். பிள்ளைகளை ஏமாற்றி எனக்குப் பழக்கமில்லை.