கல்லுக்குள் இருந்த தண்ணீர்

காலை ஏழு நாற்பதுக்கு, தாம்பரத்தில் ரயில் கிளம்பியதுமே, எதிர் இருக்கைப் பெண் வெடித்தாள். என் மகள் வயதுதான்.

"என் கல்லை லேப் ஃபர்னஸ்ல எழுநூறு டிகிரியிலயாடா வெச்ச? மேல் ஈரம் காய நூத்திப்பத்து போதுமே!"

"கல்லு அப்படியேதானே இருக்கு?" என்றான் கூட வந்தவன்.

"கல்லோட கட்டமைப்புலயே கலந்திருந்த தண்ணி போச்சு! பூமிக்கடியில மாதிரி அழுத்தினா அந்தத் தண்ணி எப்போ வெளிய வரும்னு பார்க்கறதுதான்டா என் பிஎச்.டி.!"

"ஊற வெச்சா திரும்ப ஏறாதா?"

"அது கொண்டக்கடலையா? வேற கல்லும் கிடையாது, மடையா!"

மடியிலிருந்த கல்லை அவள் பைக்குள் திணித்தாள்.

பல்லாவரத்தில் அவர்களுடைய பேராசிரியர் சிரித்தபடி ஏறினார்.

"ஒரு வருஷமா கேட்டு, இன்னிக்குத்தான் அழுத்தற மெஷின் நமக்குக் கெடச்சிருக்கும்மா. கல்லை எடு, பார்ப்போம்."