வெற்றுக்குச்சியில் இருந்த நாய்

மேலே பெயரும் முகவரியும் எழுதப்பட்ட நான், வயது பதினேழு, பள்ளி மாணவி, வீட்டில் "வாலு" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பவள், யாருக்கும் பயப்படாமல் சொல்வதாவது:

என் அக்கா ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். யாராவது காற்றில் நோய்க்கிருமியைத் தூவினால் தெரிய வேண்டும் என்று, முகாமின் காற்றுக்குழாய்களைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து வருவது அவள் வேலை. குச்சியில் ஒட்டியுள்ள மரபணுவை எந்திரம் எழுத்தெழுத்தாகப் படித்து, எந்தக் கிருமி, எந்த உயிர் என்று சொல்லும். எதையும் தொடாத வெற்றுக்குச்சி ஒன்றும் பெட்டியில் போகும். அதில் ஏதாவது தென்பட்டால் மொத்தப் பெட்டியும் செல்லாது.

சென்ற வாரம் அக்கா தலைவலி மாத்திரைக்காகப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கூடத்துக்குப் போகும் வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்பது விதி, நின்றது தப்புதான். அவள் மாத்திரை தேடிய நேரத்தில் நான் வெற்றுக்குச்சியை எடுத்து எங்கள் நாயின் நாக்கில் நன்றாகத் தேய்த்துத் திரும்ப வைத்தேன். ராணுவமே நாய் பிடிக்கக் கிளம்பும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அதன் பிறகு முடிவு வந்தது. வெற்றுக்குச்சி சுத்தம் என்று ஆய்வுக்கூட அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஏமாந்த எரிச்சலில் அக்காவிடம் உளறிவிட்டு, தலையணையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. "அப்போ அந்தக் குச்சியை அவங்க படிக்கவே இல்லடி" என்றாள். செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு அதிகாரியிடம் கேட்கப் போனாள். அவர் வழியில் நின்றதைக் காட்டி அவளை இடைநீக்கம் செய்து, நான் பொய் சொல்வதாகப் போலீசில் புகார் கொடுத்தார்.

அதன் பிறகு நேற்று வீட்டுக்கே வந்து, "சும்மா கதை விட்டேன்னு எழுதிக் குடு பாப்பா, அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைச்சிடும்" என்றார்.

"நாளைக்கு நிஜக் கிருமி வந்தா, அதுவும் கதைன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்றேன்.

நான் அக்காவைப் பார்த்தேன். "அவ எழுத மாட்டா சார். கிளம்புங்க" என்றாள்.

ஒவ்வொரு குச்சியிலும் பாதியை வெட்டி உறைபெட்டியில் பூட்டி வைப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். சாவி அதிகாரியிடம் இல்லை, முகாமில் இருக்கிறது. வெற்றுக்குச்சியின் அந்தப் பாதியை வேறு கூடத்தில் படிக்கட்டும். நாய் இல்லையென்றால் என்னை உள்ளே தள்ளுங்கள். இருந்தால், "சுத்தம்" என்று எழுதிய கையை விசாரியுங்கள். குச்சியைத் தொட்டதற்கு எனக்கு வருத்தமில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். வாசித்த காவலர் நடுவில் சிரித்ததைத் தவிர எதுவும் விடுபடவில்லை. அத்தனையும் நடந்ததே. ஒப்பிட்டுப் பார்க்க நாயை நிலைய வாசலில் கட்டியிருக்கிறேன். சம்மன் இல்லாமலே நாக்கை நீட்டும்.

(கையொப்பம்)